பணம் நின்றுபோன சீசனில் அணியைக் கலையாமல் கொண்டுபோவது எப்படி? குமரிக் கால்பந்து கிளப்புகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் கிளப்புக்கு ஜெர்சியும் பயணச் செலவும் தருவதாகச் சொல்லியிருந்த ஒரு நிறுவனம், சீசன் தொடங்கி மூன்றாவது வாரத்தில் "இந்த வருஷம் முடியாது" என்று போனில் சொல்லிவிட்டது. அப்போது நான் பொருளாளர். கையில் இருந்த பணம் இரண்டு மேட்சுக்கு வேன் பிடிக்கத்தான் காணும். அன்று சாயங்காலம் மைதானத்தில் இருபத்திரண்டு பேர் பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடலுக்குப் போகிறவர்கள், கொத்து வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள். நான் வாயைத் திறக்கவில்லை. வேறு ஆளைப் பிடித்துவிடலாம், அதுவரை சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன்.

பத்து நாளில் விஷயம் டீக்கடை வழியாக அவர்கள் காதுக்குப் போனது. போகும்போது "பொருளாளர் பணத்தை எடுத்துட்டாராம்" என்று மாறிப் போனது. அந்த வாரமே மூன்று பேர் பக்கத்து ஊர் அணிக்குப் போய்விட்டார்கள். பணம் போனதற்காக அவர்கள் போகவில்லை, நான் மறைத்ததற்காகப் போனார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

மீதிப் பேரை வைத்து அந்தச் சீசனை முடித்தோம். அதில் கற்றதையும், பின்னால் வேறு சில கிளப்புகளோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்ததில் தெரிந்ததையும் வரிசையாக எழுதுகிறேன். நீரோடியில் இருந்து இரயுமன்துறை வரை உள்ள எட்டுக் கடற்கரை ஊர்களிலும் பந்து உருளாத சாயங்காலம் அபூர்வம். இரவிபுத்தன்துறையில் இருந்து மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) வரைக்கும் போனார். இந்த மாவட்டத்தில் பையன்களைத் தூக்கிவிடுவது ஊர் மன்றங்களும் சர்ச் பங்கு இளைஞர்களும்தான். அப்படி ஒரு கிளப் ஒரே சீசனில் கலைந்தால், அடுத்த பத்து வருஷப் பையன்களுக்குச் சேர்த்து நஷ்டம். கபடி, வாலிபால் அணி நடத்துகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. பணம் நின்ற அன்று ராத்திரியே கணக்கை எழுதுங்கள்

மனதில் போடும் கணக்கு வேண்டாம். ஒரு நோட்டு எடுங்கள். ஒரு பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள்: கையில் உள்ளது, கட்டாயம் வரும் பணம், வரலாம் என்ற பணம். எதிர்ப்பக்கத்தில் கொடுக்க வேண்டியதை எல்லாம், டீக்கடைப் பாக்கி உட்பட எழுதுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. கையிலும் வங்கியிலும் சேர்த்து 25,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொடுக்க வேண்டியது ஜெர்சிக் கடைக்கு 14,000, வேனுக்கு 6,000, வெளியூரில் இருந்து ஆட வந்த இரண்டு பேருக்கு 8,000, டீக்கடைக்கு 2,500. மொத்தம் 30,500. அதாவது இனி ஒரு மேட்ச்கூட ஆடாவிட்டாலும் 5,500 ரூபாய் துண்டு விழுகிறது. "கல்ஃபில் இருந்து அண்ணன் 40,000 தாரேன்னு சொல்லிருக்காரு" என்பது இந்தக் கணக்கில் வரக்கூடாது. அது மூன்றாவது கட்டம். மூன்றாவது கட்டத்தில் இருப்பதை நம்பி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். பெரும்பாலான கிளப்புகள் கடனில் மாட்டுவது அந்தக் கட்டத்தை முதல் கட்டமாக நினைத்துத்தான்.

எழுதி முடித்ததும் தலைவர், செயலாளர், கேப்டன் மூவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். கேப்டனை விட்டுவிடாதீர்கள். பையன்கள் நிர்வாகியை நம்பாத நாளிலும் கேப்டனை நம்புவார்கள்.

2. பையன்களைக் கூட்டி நேராகச் சொல்லுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். தெரிந்த நாளில் இருந்து மூன்று நாளுக்குள் கூட்டம் நடக்க வேண்டும்.

எங்கே கூடுவது என்பதும் முக்கியம். தலைவர் வீட்டு முற்றத்தில் வைத்தால் அவர் சொல்வதைக் கேட்க வந்த மாதிரி ஆகிவிடும். மைதானத்திலேயே, பயிற்சி முடிந்து, வட்டமாக உட்காருங்கள். ஆழ்கடலுக்குப் போன பையன்கள் வாரக் கணக்கில் கரைக்கு வர மாட்டார்கள். கூட்டத்துக்கு முன்பே அவர்கள் வீட்டுக்கு ஒரு ஆள் நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும். தங்கு (கடலிலேயே பல நாள் தங்கிப் பிடிக்கும் தொழில்) முடித்து வந்து இறங்கியதும் முதல் சேதி வதந்தியாக இருக்கக்கூடாது.

கூட்டத்தில் நோட்டைத் திறந்து எண்களை வாசியுங்கள். அப்புறம் மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள். எதைக் கொடுக்க முடியும், எதைக் கொடுக்க முடியாது, எதை எந்தத் தேதிக்குள் சொல்வோம். "பார்த்துக்கலாம் மக்கா" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல்லை நம்பி ஒருவன் வேலையை விட்டுவிட்டு மேட்சுக்கு வருவான்.

எங்கள் கூட்டம் தாமதமாகத்தான் நடந்தது. கோபமாக வந்த பையன்களில் எங்கள் கோல்கீப்பர் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது. "அண்ணே, எவ்வளவு உண்டுன்னு நேரா சொல்லுங்க. அதுக்குத் தக்கன ஆடுவோம்." நான் நோட்டை அவன் கையிலேயே கொடுத்தேன். அவன் உரக்க வாசித்தான். அதற்குப் பிறகு ஒருவரும் எழுந்து போகவில்லை.

பெரிய கிளப்புகளுக்கும் இது நடக்கிறது என்று சொல்லுங்கள். 2025-ல் போட்டியை நடத்தும் உரிமை ஒப்பந்தம் முடிவாகாமல் ஐ.எஸ்.எல். தள்ளிப்போனபோது, டிவியில் பார்க்கிற கிளப்புகளே வேலையை நிறுத்தி வைத்தன. காசில்லாமல் போனது அவமானம் என்று நினைக்கிற பையன் அதை மறைக்க முயல்வான், மறைக்க முடியாதபோது விலகிவிடுவான்.

3. ஊரின் பணக் காலண்டரைப் பாருங்கள்

சீசன் அட்டவணையை மட்டும் பார்த்து வசூல் திட்டம் போட்டால் தோற்றுவிடுவோம். இந்த மாவட்டத்தில் எப்போது யார் கையில் காசு இருக்கும் என்பது கடலையும் மழையையும் பொறுத்தது.

விசைப்படகுகளுக்கு மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். கிழக்கே சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இரண்டும் 61 நாள். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம் என்பதை வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். தடைக்காலத்தில் பையன்கள் எல்லாரும் கரையில் இருப்பார்கள், பயிற்சிக்கு ஆள் குறையாது. ஆனால் வீடுகளில் காசு இருக்காது. அந்த இரண்டு மாதமும் சந்தா கேட்காதீர்கள், பயிற்சியை மட்டும் பலமாக வையுங்கள். ஆகஸ்டில் படகுகள் இறங்கியதும் நிலைமை தலைகீழாகும். வீட்டில் காசு வரத் தொடங்கும், அணியில் பாதி ஆள் கடலில் இருப்பான்.

குலசேகரம், அருமனை, திற்பரப்பு பக்கத்துக் கிளப் என்றால் ரப்பரைப் பார்க்க வேண்டும். தொடர்மழையில் பால்வெட்டு நின்றுபோகும். ஜனவரி, பிப்ரவரியில் இலை உதிரும் காலத்திலும் வருமானம் சுருங்கும். அப்போது ரசீதுப் புத்தகத்தோடு போய் நிற்பது அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.

கேட்க ஏற்ற காலம் டிசம்பர். கல்ஃபில் இருப்பவர்கள் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருவார்கள், கடைகளில் வியாபாரம் இருக்கும். ஆனால் உங்கள் ஊர்த் திருவிழாவோ கோயில் கொடையோ நடக்கிற வாரத்தில் போகாதீர்கள். அந்த வாரம் எல்லாக் கடைக்காரரும் ஏற்கெனவே நான்கு விழா வரிக்குக் காசு கொடுத்திருப்பார்கள்.

4. எந்தப் போட்டிக்குப் போவது என்று முடிவெடுங்கள்

எல்லாப் போட்டிக்கும் போவது என்பது வசதியான சீசனின் பழக்கம். மின்னொளிப் போட்டிகள் அடுத்தடுத்து அறிவிக்கப்படும், பையன்களுக்கு ஆசை இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நுழைவுக் கட்டணம், போக்குவரத்து, சாப்பாடு மூன்றையும் எழுதிக் கூட்டுங்கள். பரிசுத் தொகையை வரவில் எழுதாதீர்கள்.

மாவட்ட லீக் மாதிரி, விட்டால் அடுத்த வருஷத்துத் தகுதியே போய்விடும் போட்டிகள் முதலில். ஒரே பேருந்தில் போய் வரக்கூடிய தூரத்தில் நடப்பவை அடுத்து. ராத்திரி தங்க வேண்டிய போட்டிகள் இந்த வருஷம் வேண்டாம்.

ஒப்புக்கொண்ட மேட்சுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். வாக்ஓவர் கொடுத்தால் கட்டணம் போவதோடு பெயரும் கெடும். ஆள் குறைவாக இருந்தாலும் போகலாம். கால்பந்து விதிப்படி ஒரு அணியில் ஏழு பேர் இருந்தால் ஆட்டம் தொடங்கலாம். நாங்கள் ஒரு தடவை ஒன்பது பேரோடு களத்தில் இறங்கினோம். தோற்றோம். ஆனால் மறுநாள் பயிற்சிக்கு வந்த பையன்களின் எண்ணிக்கை அதற்கு முந்தின வாரத்தைவிட அதிகம்.

5. செலவைக் குறையுங்கள், சிலவற்றில் கை வைக்காதீர்கள்

முதலில் நிறுத்த வேண்டியது, காசு கொடுத்து வெளியூர் ஆட்டக்காரரைக் கூப்பிடுவது. உள்ளூர்ப் பையனுக்குப் பூட்ஸ் இல்லாதபோது வெளியாளுக்கு ஒரு மேட்சுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தால் அணிக்குள் மனக்கசப்பு வரும். அந்த இடத்தில் பதினேழு வயதுப் பையனை இறக்குங்கள்.

புது ஜெர்சி வேண்டாம். பழைய செட்டில் எண் உரிந்திருந்தால் எண்ணை மட்டும் ஒட்டச் சொல்லுங்கள். வேனுக்குப் பதில் அரசுப் பேருந்து. காலை மேட்சுக்கு முதல் பஸ்ஸைப் பிடித்தால் நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கத்துக்கு நேரத்தில் போய்விடலாம். ஒரே திசையில் போகிற பக்கத்து ஊர் அணியோடு வேனைப் பங்கு போடலாம். மைதானத்தில் எதிரிதான், வேனில் என்ன?

பந்து நிறைய காசைத் தின்னும். ஐந்தாம் எண் பந்தின் எடை 410 முதல் 450 கிராமுக்குள் இருக்க வேண்டும். கடல் மணலில் ஆடிய பந்தை உப்போடு அப்படியே போட்டு வைத்தால் தையல் விட்டு, தண்ணீர் ஏறி, எடை கூடிவிடும். ஆட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் துடைத்து, நிழலில் உலர்த்தி, கொஞ்சம் காற்றை இறக்கி வைக்க ஒரு பையனைப் பொறுப்பாக்குங்கள். மேட்ச் பந்தைப் பயிற்சிக்கு எடுக்கவே கூடாது. கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டத்தில் 2024-ல் ஊராட்சிகளுக்குக் கொடுத்த பொருட்கள் உங்கள் ஊராட்சியில் இருக்கிறதா, யார் பொறுப்பில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

சாப்பாட்டில் குறைக்காதீர்கள், மாற்றிச் செய்யுங்கள். மேட்ச் முடிந்து ஹோட்டலில் பிரியாணி வாங்கும் காசுக்கு ஊரில் எல்லாருக்கும் இரண்டு வேளை பார்க்கலாம். கஞ்சியும் பயறும், மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும், ஆடும் முன் ஒரு ஏத்தன் பழம். எங்கள் ஊரில் தாய்மார்கள் முறை வைத்துச் சமைத்துத் தந்தார்கள். சமைக்க வந்தவர்கள் அப்படியே மேட்ச் பார்க்கவும் வரத் தொடங்கினார்கள்.

கை வைக்கக் கூடாதவை மூன்று. முதலுதவிப் பெட்டி, காயம்பட்டவனின் சிகிச்சை, சின்னப் பிள்ளைகளின் பயிற்சி. முழங்கால் போன ஒரு பையனை "நீயே பார்த்துக்கோ" என்று விட்டால், மற்ற இருபது பேரும் அடுத்த மேட்சில் காலைப் பின்னுக்கு இழுத்துத்தான் ஆடுவார்கள். அது நியாயமும்கூட.

6. பாக்கியை வரிசைப்படுத்துங்கள்

ஆட்டக்காரருக்குக் கொடுக்க வேண்டியதை ஆள்வாரியாக எழுதி, ஒவ்வொருவரிடமும் காட்டி, சரிதானா என்று கேளுங்கள். அப்புறம் யாருக்கு முதலில் என்று முடிவு செய்யுங்கள். சிகிச்சைச் செலவு முதலில். அடுத்து குழந்தை குட்டி உள்ளவர்கள், வேலை இழந்தவர்கள். மாணவர்களும் நிரந்தர வேலையில் இருப்பவர்களும் கடைசியில். இந்த வரிசையை நிர்வாகிகள் மட்டும் போடக்கூடாது. எங்கள் அணியில் இரண்டு பேர் தாங்களாகவே "எனக்கு அப்புறம் போதும்" என்று பெயரைக் கீழே இறக்கச் சொன்னார்கள். கேட்டிருந்தால் அப்படி வந்திருக்காது.

கொஞ்சம் கொஞ்சமாகவாவது கொடுத்துக்கொண்டே இருங்கள். சொன்ன தேதியில் 500 ரூபாய் போய்ச் சேர்வது, தேதி இல்லாத 5,000 ரூபாய் வாக்கைவிட மேல்.

கடைக்காரர்களிடமும் இதே முறைதான். ஒளிந்து திரியாமல் நேரில் போய், மாதம் இவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள். எங்கள் ஜெர்சிக் கடைக்காரர் நான்கு தவணைக்கு ஒத்துக்கொண்டார், ஏனென்றால் நாங்கள் அவர் தேடி வருமுன் போனோம்.

விலகிப் போக விரும்புகிறவனைத் தடுக்காதீர்கள். வேறு அணிக்கு ஆடத் தரும் அனுமதிக் கடிதத்தைப் பிடித்து வைத்துப் பழிவாங்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது பாவம். நல்லபடியாக அனுப்பியவன் திரும்பி வருவான். எங்களை விட்டுப் போன மூன்று பேரில் இரண்டு பேர் அடுத்த வருஷம் வந்தார்கள்.

7. பணம் சேர்க்கும்போது சட்டத்தையும் பாருங்கள்

பதிவு செய்யாத கிளப் என்றால் இதுதான் பதிவு செய்ய நேரம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். பதிவு இருந்தால் கிளப் பெயரிலேயே வங்கிக் கணக்கு தொடங்கி, இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வைக்கலாம். யுபிஐ க்யூஆர் அட்டையும் அந்தக் கணக்கோடு இணைந்ததாக இருக்க வேண்டும். பொருளாளரின் சொந்த எண்ணுக்குப் பணம் வாங்கினால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் சந்தேகம் வரும். அனுபவித்தவன் சொல்கிறேன்.

ஒருவரிடம் 20,000 கேட்பதைவிட நூறு பேரிடம் 200 கேளுங்கள். பெரிய கை ஒன்று விலகினால் அணியே விழுகிறது என்பதைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். மீன் ஏலம் நடக்கும் இடத்தில், ஊர்க் கமிட்டியிடம் கேட்டுக்கொண்டு, ஒரு நாள் ஒரு பங்கு கேட்கலாம். நம் ஊர்களுக்கு ஊர்ப் பொதுவுக்குப் பங்கு எடுப்பது புதிதல்ல.

வெளிநாட்டில் இருப்பவர்கள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை செய்கிறவர் தன் சொந்தச் சேமிப்பில் இருந்து வங்கி வழியாக அனுப்பினால், வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010-ன்படி அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும். உறவுக்காரர்தான் என்றாலும் அப்படித்தான். துபாய், மஸ்கட்டில் இருக்கும் பெரும்பாலான ஊர்க்காரர்கள் முதல் வகை. ஐரோப்பா, அமெரிக்காவில் இருந்து யாராவது அனுப்புவதாகச் சொன்னால் வாங்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குலுக்கல் கூப்பன் அடிக்காதீர்கள். எல்லை தாண்டினால் கேரளத்தில் லாட்டரி வெளிப்படையாக விற்கிறது, அதனால் இங்கேயும் பரவாயில்லை என்று தோன்றும். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. ஸ்கூட்டர் பரிசு என்று கூப்பன் விற்று வழக்கில் சிக்கினால் பையன்களின் வேலைவாய்ப்புக்கே கேடு. வட்டிக்கும் வாங்காதீர்கள். கிளப் பெயரில் வாங்கும் வட்டிப் பணத்துக்குக் கடைசியில் யாரோ ஒருவர் வீட்டு நகைதான் போகும்.

8. ஆட்களைச் சேர்த்துப் பிடியுங்கள்

பயிற்சியை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். ஐந்து நாளை மூன்றாகக் குறைக்கலாம், ஆனால் அந்த மூன்று நாளும் நேரமும் மாறக்கூடாது. வீட்டில் பிரச்சினை, வேலையில் பிரச்சினை என்று இருக்கும் பையனுக்கு, சாயங்காலம் ஐந்து மணிக்கு மைதானத்தில் ஆள் இருப்பார்கள் என்பது மட்டுமாவது நிச்சயமாக இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவில் பணப் பேச்சு வேண்டாம். கணக்கை வாரம் ஒரு தடவை, மைதானத்தில், வாயால் சொல்லுங்கள். எழுத்தில் வந்த ஒரு வார்த்தையை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நான்கு பேர் நான்கு விதமாகப் படித்துச் சண்டை வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

2015-ல் இத்தாலியின் பார்மா கிளப் திவாலாகி நான்காம் பிரிவில் இருந்து தொடங்க வேண்டி வந்தது. மற்றவர்கள் போனபோதும் கேப்டன் அலெசாண்ட்ரோ லுக்கரெல்லி அதே அணியில் தங்கினார். 2018-ல் அந்த அணி முதல் பிரிவுக்குத் திரும்பியது. உங்கள் கேப்டனும் மூத்தவர்கள் இரண்டு பேரும் "நாங்க இருக்கோம்" என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அவர்களிடம் கூட்டத்துக்கு முந்தின நாளே தனியாகப் பேசுங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்த பிறகு, இந்தக் கரையில் பந்து தொட மனமில்லாத மாதங்கள் இருந்தன. கடலுக்குப் போய்த் திரும்பாத அப்பாவுக்காகக் காத்திருந்த பையன்கள் அணியில் இருந்தார்கள். அப்போது யாரும் யாரிடமும் சந்தா கேட்கவில்லை, பயிற்சிக்கு வரவும் சொல்லவில்லை. மாலையில் சும்மா மைதானத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சில வாரம் கழித்து ஒரு சின்னப் பையன்தான் பந்தை எடுத்து வந்தான். பணக் கஷ்டத்தை அந்தத் துயரத்தோடு நான் ஒப்பிடவில்லை. ஆனால் ஒருவன் வீட்டில் சாவோ நோயோ வந்தால், எந்தக் கணக்குக் கூட்டத்தையும் தள்ளிவைத்துவிட்டு மொத்த அணியும் அங்கே போய் நிற்க வேண்டும்.

9. சீசன் முடிந்ததும்

கடைசி மேட்ச் முடிந்த இரண்டு வாரத்துக்குள் ஊர் முன்னால் வரவு செலவை வாசியுங்கள். பாக்கி இருந்தால் யாருக்கு எவ்வளவு என்று அங்கேயே சொல்லுங்கள். ஜெர்சிகளை வாங்கித் துவைத்து எண்ணி வையுங்கள், பந்துகளையும் எண்ணுங்கள். ஒருவரே தொடர்ந்து பொருளாளராக இருக்க வேண்டாம். புதியவர் கையில் நோட்டைக் கொடுக்கும்போது பக்கம் பக்கமாகப் பார்த்து இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

நான் அப்படிக் கொடுத்தபோது நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பாக்கி மட்டும் இருந்தது. டீக்கடைக்கு 350 ரூபாய். கோல்கீப்பர்தான் புதுப் பொருளாளர். கையெழுத்துப் போட்டுவிட்டு, நேரே கடைக்கு நடந்துபோய் அதைக் கொடுத்துவிட்டு வந்து, அந்த வரியை அடித்தான்.